மலையணிலும் சிவப்பு மையில் எழுதிய அந்துப்பூச்சியும்

பன்விலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஒஃபீசில் நான் கிளாக்கராக இருந்த காலத்தில், காட்டு விலங்குகளுக்கும் ஒரு பதிவேடு எழுத வேண்டி வந்தது. வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் இப்போது தேயிலையை மட்டும் பார்ப்பதில்லை; அது விளையும் மலையில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, அவற்றைத் தோட்டம் எப்படி நடத்துகிறது என்றும் கேட்கிறார்கள். அதைப் பரிசோதிக்க ஆட்கள் வருவார்கள். வருவதற்கு முன் பட்டியல் தயாராக இருக்க வேண்டும். தோட்டத்து மனேஜர், எல்லாரும் தொரை என்று சொல்லும் அவர், ஒரு மாதிரிப் படிவத்தை என் மேசையில் வைத்து, "கிளாக்கர், இது உங்களுக்குப் பிடிச்ச வேலை" என்றார். அவர் சிங்களவர், தமிழை எங்கள் தொழிலாளரிடமிருந்தே கற்றவர்.

பிடித்த வேலைதான். பதினேழு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். கண்டியில் வீடு, காலை ஐந்து நாற்பது பஸ்ஸில் வத்தேகமை வந்து, அங்கிருந்து அடுத்த பஸ். எந்த பஸ் எத்தனை நிமிடம் பிந்தியது, மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, பகலுக்கு என்ன கறி என்பதெல்லாம் என்னிடம் எழுத்தில் இருக்கிறது. யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல முடியும் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

படிவத்தில் ஆறு பத்திகள்: பெயர், வகுப்பு, வரிசை, குடும்பம், கண்ட இடம், பாதுகாப்பு நிலை. ஒரு புதிய தடித்த புத்தகத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். எங்கள் ஒஃபீசில் எனக்கும் முந்திய ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பதிவேட்டிலும் ஒரு கட்டம் வெறுமையாக இருக்கக் கூடாது. எழுத ஒன்றும் இல்லை என்றால் சிவப்பு மையில் 'இல்லை' என்று எழுத வேண்டும். வெறும் கட்டத்தில் பின்னால் யாராவது எதையாவது எழுதிவிடலாம் என்பதற்காக வந்த வழக்கம். இந்த வழக்கத்துக்காகவே என் சட்டைப் பையில் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று என்று இரண்டு பேனைகள் எப்போதும் இருக்கும்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் கண்டதையெல்லாம் வந்து சொன்னார்கள். கண்டி நூலகத்தில் இரண்டு சனிக்கிழமைகள் உட்கார்ந்து வகுப்பும் வரிசையும் பார்த்து எழுதினேன். ஆபத்தில் உள்ள உயிர்களின் பட்டியல் ஒன்றைத் தொரை கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தந்தார். மலைகளில் வேலை பார்க்கும் மேற்பார்வை அலுவலரை எங்கள் தோட்டங்களில் கண்டக்டர் ஐயா என்பார்கள். எங்கள் கண்டக்டர் உயரமான, சிரிப்பு மூட்டுகிற மனிதர். தினமும் என் மேசைக்கு வந்து புத்தகத்தை எட்டிப் பார்ப்பார்.

"என்ன கிளாக்கரையா, தண்டுலேனாவ எலியோட சேத்துட்டீங்க?"

தண்டுலேனா என்பது மலையணிலுக்குச் சிங்களப் பெயர். தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம்.

"நான் சேர்க்கல்ல. புத்தகம் சேர்த்திருக்கு. ரெண்டும் கொறிக்கிற பல் உள்ளது. பல்லு வளர்ந்துகிட்டே இருக்கும், கடிச்சுத் தேய்க்காட்டி வாயே மூடாது. முலையூட்டி வகுப்பு, கொறிணிகள் வரிசை. குடும்பம்தான் வேற."

"அப்ப என் குவாட்டர்ஸ்ல சீலிங்ல ஓடுறதும் பாதுகாப்பா?"

"அது பட்டியல்ல கவலைப்பட ஒண்ணும் இல்லாதது."

"அதுக்குக் கவலை இல்ல ஐயா, எனக்குத்தான்."

மலையணில் அப்படியில்லை. பூனை அளவு உடம்பு, முதுகு கறுப்பு, வயிறு மஞ்சள், நரைத்த நீளமான வால். கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு எதிரே நின்ற பெரிய அல்பீசியா மரத்தில் அது இலைகளைக் குவித்துக் கூடு கட்டியிருந்தது. பட்டியலில் அதன் எதிரே 'அச்சுறுத்தலை அண்மித்தது' என்று இருந்தது. அதாவது, ஆபத்து என்ற படிக்குள் இன்னும் போகவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. நீல மையில் அதை எழுதினேன். தொரை அதைப் படித்து மகிழ்ந்து, மரத்தடியில் ஒரு பலகையும் அடிக்கச் சொன்னார்: மலையணிலைத் துன்புறுத்தாதீர்.

அந்த வாரம்தான் ஆயம்மா வந்தார். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடத்துக்குப் பிள்ளைக்காம்பரா என்று பெயர். அதைப் பார்த்துக்கொள்பவர் ஆயம்மா. குள்ளமான, வேகமாக நடக்கிற, வேகமாகக் கோபம் வருகிற பெண். ஒஃபீஸ் வாசலில் நின்று, "கிளாக்கரையா, பூச்சியும் எழுதுவீங்களா?" என்றார்.

"எழுதலாமே. என்ன பூச்சி?"

"அத இன்னும் காணல. கூடுதான் இருக்கு. நீங்க வந்து பாருங்க."

பிள்ளைக்காம்பராவின் பக்கத்தில், அல்பீசியாவுக்கு எதிர்ப்புறம் ஒரு கொய்யா மரம். அதன் கிளைகளில் காய்ந்த இலை சுருண்டு தொங்குவதுபோலப் பதினொரு கூடுகள். ஒவ்வொன்றும் பட்டு நூலால் காம்போடு கட்டப்பட்டிருந்தது. ஆயம்மா முழுக் கதையையும் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் இதே மரத்தில் சிவந்த பெரிய பூச்சி ஒன்றைக் கண்டாராம். இறக்கை முனை பாம்புத் தலைபோல இருந்ததாம். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து விரித்து வைத்த அகலமாம். ஆள் கூப்பிட்டு வருவதற்குள் பறந்துவிட்டது. அன்றிலிருந்து கண்டக்டர் அவரைக் கண்டால், "ஆயம்மா, இன்னைக்கு என்ன, யான அளவு எறும்பா?" என்று கேட்பார். இந்த வருடம் கொய்யா இலையில் கட்டைவிரல் தடிப்பில், வெள்ளை மாப் பூசியதுபோலப் பச்சைப் புழுக்கள் வந்திருந்தன. மருந்தடிக்க வந்தவரை அவர் மரத்துக்குக் கிட்டவே விடவில்லை. அவை பெருத்து, கூடு கட்டும்வரை காவல் இருந்திருக்கிறார்.

"வெளிய வரட்டும் ஐயா. எல்லாருக்கும் காட்டுவேன். நான் பொய் சொல்ற பொம்பளயான்னு பாக்கட்டும்."

அடுத்த சனிக்கிழமை நூலகத்தில் அதன் படத்தைக் கண்டுபிடித்தேன். உலகத்திலேயே பெரிய அந்துப்பூச்சிகளில் ஒன்று. நம் தீவில் இருப்பது அதன் நெருங்கிய உறவு. கறுவா, கொய்யா, தோடை இலைகளைத் தின்னும். பூச்சி வகுப்பு, செதிற்சிறகிகள் வரிசை, காட்டுப் பட்டுப்பூச்சிக் குடும்பம். மலையணிலுக்கும் இதற்கும் உறவு தேடினால், விலங்கு இராச்சியம் என்ற முதல் சொல்லில் மட்டும்தான் இரண்டும் சேரும். அடுத்த சொல்லிலேயே ஒன்று முதுகெலும்பு உள்ள பக்கமும் மற்றது இல்லாத பக்கமும் போய்விடும். ஆனால் என் புத்தகத்தில் அவை அடுத்தடுத்த வரிகள்.

கடைசிப் பத்திக்கு வந்தேன். பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். வண்ணத்துப்பூச்சிகள் இருந்தன. அந்துப்பூச்சிகள் ஒன்றுகூட இல்லை. கட்டம் வெறுமையாக இருந்தது. சிவப்புப் பேனையை எடுத்து, 'இல்லை' என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். எழுத்து நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது.

பத்து நாள் கழித்துத் தோட்டத்துக்குப் புதிய கொழுந்து லொறி வந்தது. பழையதைவிட நீளம். நிறுக்கும் கொட்டகைக்கு முன்னால் அது திரும்ப இடம் போதவில்லை. ஒரு பக்கம் அல்பீசியா, மறுபக்கம் கொய்யா. ஒன்றை வெட்ட வேண்டும். கண்டக்டர் ஒஃபீசுக்கு வந்து என் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மலையணில்: அச்சுறுத்தலை அண்மித்தது. அந்துப்பூச்சி: இல்லை. புத்தகத்தை மூடி, "ரொம்ப லேசாப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். புதன்கிழமை கொய்யாவை வெட்ட ஆள் போட்டாயிற்று.

திங்கட்கிழமை பகல் ஆயம்மா வந்தார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. நேரே மேசைக்கு வந்தார்.

"நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமே, இது ஒண்ணுமில்லாத பூச்சின்னு?"

"ஒண்ணுமில்லாததுன்னு நான் எழுதல்ல, ஆயம்மா. பட்டியல்ல அதுக்கு நிலை குடுக்கல்ல. அதனால 'இல்லை'ன்னு எழுதினேன். அதுதான் ஒஃபீஸ் முறை."

"ஏன் குடுக்கல்ல?"

"அந்தப் பூச்சிகளை இன்னும் யாரும் கணக்கெடுத்துப் பார்க்கல்ல போல."

அடுத்து அவர் சொன்னதை அன்று மாலையே வரி பிசகாமல் எழுதி வைத்தேன்.

"காம்பராவுக்கு மாசத்துல ஒரு தடவ புள்ளைங்கள நிறுக்க ஆஸ்பத்திரி மிஸ்ஸி வருவாங்க. மழைக்கு ரோட்டு ஒடஞ்சு அவங்க வராத மாசமும் இருக்கு. அந்த மாசம் புள்ளைங்களுக்கு என்ன எழுதுவேன் தெரியுமா? 'நிறுக்கல்ல'ன்னு எழுதுவேன். உங்க முறைப்படின்னா புள்ளைக்கு நிறையே இல்லன்னு எழுதணும், இல்லையா ஐயா?"

அவர் போன பிறகு பட்டியலின் முன்பக்கத்தைத் திறந்தேன். நிலைகள் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் அங்கே அச்சாகியிருந்தது. கவலைக்குரியதல்ல என்பது பார்த்து, ஆராய்ந்து, ஆபத்து இல்லை என்று முடிவு செய்தது. அதிலிருந்து விலகி, கடைசியில், 'மதிப்பிடப்படவில்லை' என்று தனியாக ஒரு நிலை இருந்தது. யாரும் இன்னும் பார்க்கவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். நன்றாக இருக்கிறது என்றும் இல்லை, அழிகிறது என்றும் இல்லை. நான் இந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறேன். ஓரத்தில் பென்சிலால் சரி அடையாளமும் போட்டிருக்கிறேன். படித்துவிட்டுத்தான் அப்படி எழுதினேன். வெறும் கட்டம் கண்ணை உறுத்தியது. கை பழகிய வேலையைச் செய்துவிட்டது.

பதிவேட்டில் திருத்தம் செய்வதற்கும் முறை உண்டு. பிழையான சொல்லின் மேல் ஒரே கோடு, பக்கத்தில் சரியான சொல், சுருக்கொப்பம், திகதி. பிறகு தொரையின் ஒப்பம். செவ்வாய்க்கிழமை காலை புத்தகத்தோடு தொரையின் அறைக்குப் போனேன். அவர் பக்கத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கிளாக்கர், இது உங்க கையெழுத்தா? நீங்க திருத்தினதா?"

"ஓம் சேர். என் பிழை."

"ஃபோட்டோ எடுத்து வைக்கணும்" என்று சிரித்தார். பிறகு, "மதிப்பிடப்படவில்லை. அப்ப அதுக்கு ஆபத்தா, இல்லையா?"

"தெரியாது சேர்."

"தெரியாததுக்காக நான் மரத்த விடணுமா?"

"தெரியும்னு நான் எழுதினதை நம்பித்தானே வெட்டச் சொல்லியிருக்கு, சேர். இந்தத் தோட்டத்தில அது இருக்கிறதா நமக்குத் தெரிஞ்ச மரம் அது ஒண்ணுதான். அதையும் எழுதியிருக்கேன், அஞ்சாவது பத்தியில."

தொரை பேனையைச் சுழற்றிக்கொண்டு யோசித்தார். லொறி திரும்பியாக வேண்டும். அணில் மரத்திலும் கை வைக்க முடியாது, பலகை அடித்தாயிற்று. கடைசியில் எழுந்து, "வாங்க, போய்ப் பார்ப்போம்" என்றார்.

கொட்டகை முன்னால் கண்டக்டரும் லொறிச் சாரதியும் நின்றார்கள். சாரதி அக்குறணைப் பக்கத்து முஸ்லிம், எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவார்கள். வெற்றிலை போட்டபடி இந்த விவகாரத்தையெல்லாம் முதல் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தொர, எனக்கிட்ட யாரும் கேக்கல்லயே" என்றார். "மரம் எனக்கு மறிப்பே இல்ல. ரெண்டு மரமும் நிக்கட்டும். அந்தா பாருங்க, தண்ணி ஓடுற அந்த கான் மூல. டயர் அதுக்குள்ள போயிடும்னுதான் நான் திருப்பாம நிக்கிற. அதுக்கு மேல ரெண்டு பலகயப் போட்டுத் தாங்க, இந்த லொறிய நான் கண்ண மூடிட்டுத் திருப்புற."

"கண்ணத் தொறந்தே திருப்புங்க நானா" என்றார் கண்டக்டர்.

கொட்டகையின் பின்னால் கிடந்த இரண்டு பலகைகளைக் கானின் மேல் போட்டார்கள். லொறி இரண்டு முறை முன்னும் பின்னும் போய்த் திரும்பியது. தொரை மணிக்கூட்டைப் பார்த்தார். "பலகை எத்தனை நாள் தாங்கும்? சீமெந்து போடறதுன்னா செலவு. பூச்சி வரும்வரை மரம் நிக்கட்டும். வந்து, பார்க்கிற மாதிரி ஏதாவது இருந்தா யோசிப்போம். வெறும் விளக்குப் பூச்சியா இருந்தா வெட்டு." ஆயம்மா பிள்ளைக்காம்பரா யன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தலையசைத்தது எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு நானும் தினமும் காலை ஒஃபீஸ் திறக்குமுன் அங்கே போய்க் கூடுகளை எண்ணினேன். பதினொன்று. பதினொன்று. பதினொன்று. ஒரு வியாழக்கிழமை பத்து. ஆயம்மா கொதித்துக்கொண்டிருந்தார்.

"உங்க அண்மித்ததுதான் ஐயா! கூட்டுக்குக் குச்சி ஒடிக்க வந்துச்சு. கூடு தொங்குற கொப்பயே பல்லால வெட்டி எடுத்துட்டு அந்த மரத்துக்குப் போயிருச்சு. தகரத்தத் தட்டி வெரட்டினா கண்டக்டரையா பலகயக் காட்றாரு, துன்புறுத்தக் கூடாதாம்!"

"சட்டம்னா சட்டம்தானே ஆயம்மா" என்றார் பின்னால் வந்த கண்டக்டர். "அது அந்தஸ்து உள்ளது."

"இதுவும் மதிப்பிடப்படாததுன்னு அதுகிட்டப் போய்ச் சொல்லுங்க. ஐயாதான் நல்ல உயரமாச்சே, மரத்துல ஏறுங்க."

அண்ணாந்து பார்த்தேன். அல்பீசியாவின் உச்சியில் மலையணில் கிளையில் வயிற்றை வைத்துப் படுத்து, கால்களை இருபக்கமும் தொங்கவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று அந்துப்பூச்சியின் வரியில், கண்ட இடம் என்ற பத்தியில், 'கொய்யா (10), அல்பீசியா (1, மலையணில் கொண்டுபோனது)' என்று எழுதினேன். அப்படி ஒரு வரி வேறு எந்தத் தோட்டத்திலும் இருக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கண்டக்டர் கூடுகளைக் காட்டி, "உள்ளுக்கு எல்லாம் செத்துப் போயிருக்கும்" என்றார். ஆயம்மா முதல்முறையாக அவரோடு சண்டைக்குப் போகாமல் ஒரு கூட்டில் காதை வைத்துப் பார்த்தார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. என் பஸ் குறிப்பில்கூட அந்த நாட்களில் நிமிடங்கள் விடுபட்டிருக்கின்றன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதல் நிறைக்குக் கொழுந்து வந்துகொண்டிருந்த நேரம், பிள்ளைக்காம்பராவிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கூப்பிடுகிற சத்தமல்ல, ஆயம்மா குழந்தைகளை அமைதியாக இருக்கச் சொல்லிக் கத்துகிற சத்தம். அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். தாழ்ந்த கிளையில், நனைந்த துணிபோல ஒன்று தொங்கியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. செங்கல் நிறம், அதில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கோடுகள். ஒவ்வொரு இறக்கையிலும் கண்ணாடி பதித்ததுபோல ஒரு முக்கோணம். அதற்குள்ளால் கொய்யா இலை தெரிந்தது. முன்னிறக்கை முனைகள் இரண்டும் பக்கம் பார்க்கும் பாம்புத் தலைகள். கொழுந்துக் கூடைகளை இறக்காமலே பெண்கள் வட்டமாக நின்றுவிட்டார்கள். நிறுக்கிறவர் தராசை விட்டுவிட்டு வந்தார்.

"அளங்க ஐயா" என்றார் ஆயம்மா. அது கட்டளை.

தொடாமல், ஒரு சாண் தள்ளி அடிமட்டத்தைப் பிடித்து அளந்தேன். மூன்று முறை. ஒன்பது அங்குலத்துக்குக் கால் அங்குலம் குறைவு. சத்தமாகச் சொன்னேன். ஆயம்மா தன் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து விரித்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கை கொஞ்சம் சிறிது.

"மூணு வருஷத்துக்கு முன்ன நான் சொன்னது கொறவாத்தான் இருக்கு" என்றார் கூட்டத்தைப் பார்த்து.

குழந்தைகளின் பால் கோப்பையில் சீனித் தண்ணீர் கரைக்க அவர் உள்ளே போனபோது தடுத்தேன். புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன்: இதற்கு வாய் இல்லை, தின்பதெல்லாம் புழுவாக இருக்கும்போதே, இனி ஒரு கிழமைபோல இருந்து, முட்டை இட்டுவிட்டுப் போய்விடும். அவருக்கு அது பிடிக்கவில்லை. "அந்த மரத்துல ஒருத்தன் பல்லு நிக்காம வளருதுன்னு கொறிச்சே தீக்கிறான். இவளுக்கு வாயே குடுக்கல்லயா?" என்று சொல்லிக் கோப்பையைக் கையில் வைத்தபடியே நின்றார். நான் மூன்று சனிக்கிழமைகள் உட்கார்ந்து எழுதிய வகுப்பும் வரிசையும் அந்த ஒரு பேச்சுக்குள் வந்துவிட்டன.

தொரையின் ஜீப் பத்து மணிக்கு வந்தது. அவர் இறங்கி, தொப்பியைக் கழற்றி, பூச்சியைக் குனிந்து பார்த்தார். பிறகு கானைப் பார்த்து, "பலகையை எடுத்துட்டு சீமெந்து போடு" என்று கண்டக்டரிடம் சிங்களத்தில் சொன்னார். மரம் தப்பியது.

பகல் சாப்பாட்டு நேரத்தில் கண்டக்டர் குவாட்டர்ஸிலிருந்து தன் மனைவியை அழைத்து வந்தார். பூச்சி அசையாமல் அதே இடத்தில் இருந்தது. அவர் மனைவிக்கு ஒவ்வொன்றாக விரல் நீட்டி விளக்கினார், தானே கண்டுபிடித்தவர்போல: இது செதிற்சிறகி, இது பாம்புத் தலை, இதைப் பற்றி உலகத்தில் யாரும் இன்னும் மதிப்பிடவில்லை, இவன் நம் தோட்டத்தில் இருக்கிறான். ஆயம்மா கைகளைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். முடிந்ததும் அருகில் வந்தார்.

"இவன் இல்லங்க ஐயா, இவள். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அவளுக்கு வர்ற காத்த மறைக்கிறீங்க."

கண்டக்டர் இரண்டு அடி தள்ளி நின்றார். மனைவியையும் தள்ளி நிற்கச் சொன்னார்.